கிரவுஸ் வேட்டைக்கு எந்த கேஜ், எந்தத் தோட்டா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: மினசோட்டாவின் வடபகுதிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள், இலையுதிர் காலத்தில் ரஃப்டு கிரவுஸ் என்ற காட்டுப் பறவையின் வேட்டைக்குப் போக வேண்டும் என்று ஆசை. கடைக்காரர் 12 கேஜ் (குழலின் பருமன்) துப்பாக்கிதான் எல்லாவற்றுக்கும் உதவும் என்கிறார், உடன் வேலை பார்ப்பவர் 28 கேஜைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள் என்கிறார். தோட்டா அலமாரியில் 6, 7½, 8, 9 என்று ரவை அளவின் எண் போட்ட பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. எதை எடுப்பது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வாங்குவதென்றால் 20 கேஜ் இரட்டைக்குழல் துப்பாக்கி, எடை 6 முதல் 6½ பவுண்டுக்குள். முதல் குழலில் சிலிண்டர் அல்லது ஸ்கீட் சோக், இரண்டாவதில் இம்ப்ரூவ்டு சிலிண்டர். (சோக் என்பது குழல் வாயின் குறுக்கம்; இம்மூன்றும் குறுக்கம் இல்லாதவை அல்லது மிகக் குறைந்தவை.) தோட்டா 2¾ அங்குலம், ⅞ அவுன்ஸ் ஈய ரவை, எண் 7½. ஏற்கெனவே வீட்டில் 12 கேஜ் இருந்தால் புதியது வாங்கவே வேண்டாம். சோக்கை மட்டும் மாற்றிக்கொண்டு 1 அவுன்ஸ் தோட்டாவோடு கிளம்புங்கள். கேஜ் பற்றித்தான் எல்லோரும் விவாதிக்கிறார்கள். பறவை விழுவதா தப்பிப்பதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்பவை சோக்கும் துப்பாக்கி தோளுக்குப் பொருந்தும் விதமும்தான். இதை நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று கேட்டால், பறவையிலிருந்து தொடங்க வேண்டும்.

ரஃப்டு கிரவுஸ் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள காட்டுப் பறவை. வெட்டவெளியில் அது வாழ்வதில்லை. மரம் வெட்டிய இடத்தில் மறுபடி அடர்ந்து முளைத்த இளம் ஆஸ்பென் காடு, அதன் ஓரத்து ஹேசல் புதர்கள், ஈர நிலத்தை ஒட்டிய ஆல்டர் செறிவு, இவைதான் அதன் வீடு. மினசோட்டாவின் கிளோக்கே வனவியல் மையத்தில் ஆய்வாளர் கோர்டன் கல்லியன் பல பத்தாண்டுகள் இந்தப் பறவையை ஆராய்ந்து சொன்னதும் இதுவே: தண்டுகள் நெருங்கி நிற்கும் இளங்காடுதான் பருந்திலிருந்தும் ஆந்தையிலிருந்தும் அதைக் காப்பாற்றுகிறது. பருந்து நுழையத் தயங்கும் அந்த நெரிசலில்தான் நீங்களும் சுட வேண்டியிருக்கிறது. பறவை பத்துப் பதினைந்து கஜத்தில் படபடவென்று சிறகடித்து எழும். எழுந்த மறுகணமே ஒரு மரத்தைத் தனக்கும் உங்களுக்கும் நடுவில் நிறுத்திக்கொள்ளும். உங்களுக்குக் கிடைப்பது ஒன்று, மிஞ்சினால் இரண்டு விநாடி. பெரும்பாலான கிரவுஸ்கள் 25 கஜத்துக்குள்தான் விழுகின்றன. 40 கஜத்தில் எது எப்படிச் சுடும் என்ற பேச்சை அப்படியே ஒதுக்கிவிடலாம்.

இப்போது கேஜ். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் 12 கேஜ் குழலின் உள்விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். 20 கேஜ் 15.6, 28 கேஜ் 14. எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். நம் ஊரில் 12 போர் என்று சொல்வதும் இதையேதான். .410 மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது அங்குலத்தில் சொன்ன விட்டம்.

குழல் பெரிதானால் ரவைகள் வேகமாகப் போகும் என்று புதியவர்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 12 கேஜிலிருந்து புறப்பட்டாலும் 20 கேஜிலிருந்து புறப்பட்டாலும் வேட்டைத் தோட்டாக்களின் வேகம் விநாடிக்கு 1,200 அடியை ஒட்டியே இருக்கும். எண் 7½ ரவை ஒன்று பறவையின் மேல் படும்போது அதற்குத் தான் எந்தக் குழலிலிருந்து வந்தோம் என்பது தெரியாது. வித்தியாசம் எண்ணிக்கையில் மட்டும்தான். எண் 7½ ஈய ரவை ஓர் அவுன்ஸுக்கு ஏறத்தாழ 350. ஆக 12 கேஜின் 1⅛ அவுன்ஸ் தோட்டாவில் 390 சொச்சம், 20 கேஜின் ⅞ அவுன்ஸில் 306, 28 கேஜின் ¾ அவுன்ஸில் 262, .410-இன் அரை அவுன்ஸில் 175.

இந்த எண்களைக் காட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். 20 கஜத்தில் இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக் ரவைகளை ஏறத்தாழ 26 அங்குல வட்டமாக விரிக்கும். 306 ரவைகளை அந்த வட்டத்தில் பரப்பினால் சராசரியாக 11 சதுர சென்டிமீட்டருக்கு ஒன்று. சிறகையும் வாலையும் விட்டுவிட்டு, உடலும் கழுத்தும் மட்டும் விரித்த கையளவு என்று வைத்தால், பத்துக்கு மேற்பட்ட ரவைகள் அதில் பட வேண்டும். ஒரு கிரவுஸை விழத்தட்ட மூன்று நான்கு ரவை போதும். 12 கேஜ் இந்தப் பத்தைப் பதின்மூன்றாக்கும். அந்தக் கூடுதல் ரவைகளால் உங்களுக்குப் பயன் ஏதும் இல்லை; சாப்பிடும்போது பல்லில் கடிபடும், அவ்வளவுதான்.

அப்படியானால் 28 கேஜே போதுமே என்று உங்களுடன் வேலை பார்ப்பவர் சொல்வது தவறில்லை. 20 கஜத்தில் அது அருமையாக வேலை செய்கிறது, உதையும் மெல்லியது. ஆனால் முதல் துப்பாக்கியாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தோட்டா விலை கூடுதல், எல்லாக் கடையிலும் கிடைக்காது, அதனால் பயிற்சியைக் குறைத்துக்கொள்வீர்கள். 16 கேஜ் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 1 அவுன்ஸ் ரவையை ஒல்லியான உடலில் சுமக்கும் அழகான துப்பாக்கி. பழையது ஒன்று கைக்கு வந்தால் விட்டுவிடாதீர்கள். ஆனால் சுடுவதற்கு முன் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் காட்டி அறையின் (குழலின் பின்புறம் தோட்டா உட்காரும் இடம்) நீளத்தை அளந்துகொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பல 16 கேஜ்களின் அறை 2 9⁄16 அங்குலம்தான். இன்றைய 2¾ அங்குலத் தோட்டா உள்ளே போய்விடும், சுட்டதும் அதன் மடித்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். .410 பழக்கமான கைகளுக்கு உரியது. சிறுவர்களுக்கு அதைக் கொடுத்து வேட்டைக்குப் பழக்குவது பலரின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறைந்த ரவையும் திட்டுத்திட்டான பரவலும் சேர்ந்தால் காயம்பட்டுத் தப்பும் பறவைகள்தான் கூடும்.

எடை விஷயத்துக்கு வருவோம். கேஜைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் உண்மையில் தேர்ந்தெடுப்பது எடையைத்தான். கிரவுஸ் வேட்டை என்பது நாள் முழுக்க நடப்பது. தோள்வாரில் மாட்டிக்கொண்டு நடக்க முடியாது. எந்த நொடியிலும் பறவை எழலாம் என்பதால் இரண்டு கையிலும் ஏந்தியபடியே கொப்புகளை விலக்கி நடக்க வேண்டும். 7½ பவுண்டு வாத்துத் துப்பாக்கி மதியத்துக்கு மேல் கையில் கனக்கத் தொடங்கும். கனத்த கை தாமதமாக உயரும், அந்த அரை விநாடியில் பறவை போய்விடும். அதற்காக 5 பவுண்டுக்கும் கீழே இறங்கிவிடாதீர்கள். மிக இலேசான துப்பாக்கி சட்டென்று உயரும், ஆனால் பறவையோடு சேர்ந்து ஓடாமல் பாதியில் நின்றுவிடும். துப்பாக்கியின் எடை ரவையின் எடையைப்போல் 96 மடங்கு இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்துத் துப்பாக்கித் தொழிலில் வழங்கிவரும் பழைய கணக்கு. 1 அவுன்ஸுக்கு 6 பவுண்டு. ⅞ அவுன்ஸைச் சுடும் 6 பவுண்டு 20 கேஜ் அந்தக் கணக்கில் தாராளமாகவே நிற்கிறது. ரவை கூடுதலான 3 அங்குல மேக்னம் தோட்டாக்களை அதில் திணிக்காதீர்கள். உதை கூடும், இந்தத் தூரத்தில் வேறெந்தப் பயனும் கூடப்போவதில்லை.

சோக் பற்றி நான் சொல்வதை மட்டுமாவது மறக்காதீர்கள். குழலின் வாயருகே உள்விட்டத்தைச் சற்றுக் குறுக்குவதுதான் சோக். 12 கேஜின் மிக இறுக்கமான ஃபுல் சோக்கில்கூட இந்தக் குறுக்கம் 1 மில்லிமீட்டரை எட்டுவதே அரிது. இம்ப்ரூவ்டு சிலிண்டரில் கால் மில்லிமீட்டர். அந்தச் சிறு வேறுபாடு செய்யும் வேலையைப் பாருங்கள்: 20 கஜத்தில் சோக்கே இல்லாத சிலிண்டர் குழல் ரவைகளை ஏறத்தாழ 32 அங்குலத்துக்கு விரிக்கிறது, நடுத்தரக் குறுக்கமுள்ள மாடிஃபைடு 20 அங்குலம், ஃபுல் 16 அங்குலம். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் இருமடிக்கேற்ப மாறும் என்பதால், சிலிண்டர் உங்களுக்குத் தரும் பரப்பு ஃபுல் சோக்கைவிட நான்கு மடங்கு. மரங்களுக்கு நடுவே விநாடி நேரம் தெரியும் பறவையின் மேல் இந்த நான்கு மடங்கைத் தூக்கி எறிந்துவிட்டு எதற்காகச் சுட வேண்டும்? அப்படியே குறி பட்டாலும் 15 கஜத்தில் ஃபுல் சோக் தோட்டா நெஞ்சிறைச்சியைச் சிதைத்துவிடும். கிரவுஸின் வெண்மையான நெஞ்சிறைச்சிக்கு ஈடான காட்டு இறைச்சி குறைவு. அதைக் கெடுப்பது பாவம்.

புதிய துப்பாக்கியோடு வரும் கழற்றி மாட்டும் சோக் குழாய்களில் விளிம்பில் வெட்டுக்குறிகள் இருக்கும். பெரும்பாலான நிறுவனங்களில் ஒரு வெட்டு என்றால் ஃபுல், மூன்று என்றால் மாடிஃபைடு, நான்கு என்றால் இம்ப்ரூவ்டு சிலிண்டர். கடையிலிருந்து வரும்போது மாடிஃபைடுதான் மாட்டியிருப்பது வழக்கம். முதல் நாளே அதைக் கழற்றி எண்ணெய் தடவிப் பெட்டியில் போடுங்கள். ஸ்டீல் ரவையைப் பிறகு சொல்கிறேன். அதற்கும் இம்ப்ரூவ்டு சிலிண்டரைத் தாண்ட வேண்டியதில்லை.

ரவை எண்ணில் பருவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க எண்களுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: 17-இலிருந்து ரவை எண்ணைக் கழித்தால் கிடைப்பது அங்குலத்தின் நூற்றில் எத்தனை பங்கு விட்டம் என்பது. எண் 8 என்றால் 0.09 அங்குலம், எண் 6 என்றால் 0.11. ஓர் அவுன்ஸுக்கு எண் 8-இல் 410, எண் 6-இல் 225. செப்டம்பர் நடுவில் பருவம் தொடங்கும்போது இலை இன்னும் உதிர்ந்திருக்காது. பறவையை நீங்கள் இலையினூடே நிழலாகத்தான் பார்ப்பீர்கள். அப்போது எண் 8, சிலிண்டர் சோக். அக்டோபர் நடுவில் ஆஸ்பென் இலைகள் கொட்டியதும் பார்வை திறக்கும், பறவையும் சற்றுத் தள்ளி எழத் தொடங்கும். அப்போது எண் 7½. நவம்பரில் ஏற்கெனவே பலமுறை விரட்டப்பட்ட பறவைகள் 25, 30 கஜத்தில் எழும், இறகும் அடர்ந்திருக்கும். இரண்டாவது குழலில் எண் 6 போடுவதை அப்போது நான் ஏற்பேன். ஒரே பெட்டிதான் வாங்குவேன் என்றால் 7½. பருவம் முழுவதும் அது கைகொடுக்கும். எண் 9-ஐ உட்காக் பறவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உட்காக் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கிரவுஸ் இருக்கும் ஆல்டர் செறிவில் அக்டோபரில் உட்காக்கும் எழும். அது வலசைப் பறவை. அதைச் சுடுவதற்குக் கூட்டரசு விதிகள் தனி. அரைத் தானியங்கி அல்லது (கையால் முன்பின் இழுத்துத் தோட்டா ஏற்றும்) பம்ப் துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்புக் கட்டை போட்டிருக்க வேண்டும். இரட்டைக்குழலில் இந்தக் கவலையே இல்லை. இரட்டை விசை உள்ள துப்பாக்கி கிடைத்தால் இன்னும் நல்லது: பறவை அருகில் எழுந்தால் முன்விசை திறந்த சோக்குக்கு, தூரத்தில் எழுந்தால் பின்விசை இறுக்கமான சோக்குக்கு. யோசிக்கவே நேரமில்லாத வேட்டையில் விரல் தானாகத் தேர்ந்துகொள்ளும் வசதி அது.

ஈயமா, மாற்றா? வாத்து வேட்டையில் ஈய ரவை 1991 முதல் அமெரிக்கா முழுவதும் தடை. கிரவுஸுக்கு அப்படியொரு நாடு தழுவிய தடை இல்லை. ஆனால் கூட்டரசின் வனவிலங்குப் புகலிடங்களிலும் நீர்ப்பறவை உற்பத்திப் பகுதிகளிலும் ஈயம் கூடாது. மினசோட்டாவில் இத்தகைய நிலங்கள் ஏராளம், அதனால் பையில் ஈயமற்ற தோட்டாப் பெட்டி ஒன்று எப்போதும் இருக்கட்டும். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், ஸ்டீல் 7.8, பிஸ்மத் என்ற உலோகம் 9.6 அளவில். இலேசான ரவை சீக்கிரம் வேகம் இழக்கும் என்பதால் ஸ்டீலில் ரவையை இரண்டு படி பெரிதாக்குவது வழக்கம்: ஈயம் 7½ போட்ட இடத்தில் ஸ்டீல் 6. பிஸ்மத்தில் ஒரு படி போதும். தாத்தா காலத்து மெல்லிய குழல்களில் ஸ்டீலைச் சுடவே கூடாது, பிஸ்மத்தைச் சுடலாம். வீட்டில் சிறு குழந்தைகளோ கருவுற்றவர்களோ இந்த இறைச்சியைச் சாப்பிடுவார்கள் என்றால் சட்டம் அனுமதித்த இடத்திலும் பிஸ்மத்தையே போடுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் கிரவுஸ் வேட்டையில் ஒரு நாளைக்குச் சுடுவது சில தோட்டாக்கள்தான்; பயிற்சிக்கு மலிவானதைச் சுட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவையும் நம்புவதற்கு முன் காகிதத்தில் சோதித்துப் பாருங்கள். ஒரு கஜம் அகலமுள்ள பழுப்புக் காகிதத்தை அட்டையில் குத்தி, நடுவில் கைப்பிடி அளவு கறுப்புப் புள்ளி வரையுங்கள். 20 கஜம் எண்ணி நின்று, துப்பாக்கியை இடுப்பளவில் வைத்துக்கொண்டு, புள்ளியை மட்டும் பார்த்தபடி தோளுக்கு உயர்த்தி உடனே சுடுங்கள். ரைஃபிள்போல நிதானித்துக் குறிவைக்க வேண்டாம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் புதுக் காகிதம், குறைந்தது மூன்று. முதலில் பார்க்க வேண்டியது ரவைக் கூட்டத்தின் நடு எங்கே விழுந்தது என்பது. மூன்று தாளிலும் புள்ளிக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் தோட்டாவை மாற்றிப் பயனில்லை, தோளில் பதியும் கட்டை உங்களுக்குப் பொருந்தவில்லை. கடைத் துப்பாக்கிகளின் கட்டை விசையிலிருந்து 14¼, 14½ அங்குலம் இருக்கும். உயரம் குறைந்தவர்களுக்கு அது நீளம். தடித்த குளிர்ச்சட்டை போட்டால் அக்குளில் மாட்டும். அரை அங்குலம் குறைத்துக் கொடுக்கச் சொல்வது பெரிய செலவில்லை. அடுத்து, கிரவுஸின் உடல் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டித் தாளின் மேல் நகர்த்திப் பாருங்கள். நான்கு ஓட்டைக்குக் குறைவாக உள்ள இடங்கள் வட்டத்தின் உட்பகுதியில் அடிக்கடி தென்பட்டால் வேறு நிறுவனத்தின் தோட்டாவையோ அடுத்த சோக்கையோ பாருங்கள். ஒரே எண், ஒரே எடை என்றாலும் ஒரு குழலுக்கு ஒரு தோட்டா ஒத்துப்போகும், இன்னொன்று ஒத்துப்போகாது. அதைக் காகிதம் ஒன்றுதான் சொல்லும்.

20 கேஜ் வாங்குபவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று. வீட்டில் 12 கேஜும் இருந்தால் இரண்டு தோட்டாக்களும் ஒரே பையில், ஒரே சட்டைப்பையில் சேரவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் அறைக்குள் வழுக்கிக்கொண்டு போய்க் குழலின் தொடக்கத்தில் சிக்கி நிற்கும். அறை காலியாகத் தெரியும். பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், குழலுக்கு அடியில் முன்பிடியைப் பிடித்திருக்கும் விரல்கள் போகும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். காட்டுக்குப் போன சட்டையை வீடு வந்ததும் தலைகீழாக உதறுங்கள்.

நான் சொன்னது எல்லாம் காட்டு கிரவுஸுக்கு. மேற்கே டகோட்டாப் புல்வெளிகளில் ஷார்ப்டெயில் கிரவுஸைத் தேடிப் போனால் கணக்கு மாறும். அது கூடுதல் எடையுள்ள பறவை, திறந்தவெளியில் 30, 40 கஜத்தில் எழும். அங்கே 12 கேஜ், 1⅛ அல்லது 1¼ அவுன்ஸ், எண் 6, மாடிஃபைடு சோக் எல்லாம் நியாயமே. ஸ்காட்லாந்தில் ஆகஸ்ட் 12-இல் தொடங்கும் சிவப்பு கிரவுஸ் வேட்டை பற்றி நீங்கள் படிக்கும் அறிவுரைகளை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். அங்கே பறவைகளை ஆட்கள் விரட்டிச் சுடுபவர்களை நோக்கிப் பறக்கவிடுகிறார்கள், ரவை எண்களும் வேறு. ஆங்கிலேயரின் எண் 7 ஏறத்தாழ அமெரிக்காவின் 7½.

துப்பாக்கி வாங்கும் முன் உங்கள் விசாவைப் பாருங்கள். ஹெச்-1பி போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கினாலும் இது பொருந்தும் என்பதால் முதலில் உரிமம், பிறகுதான் மற்றதெல்லாம். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. 1979-க்குப் பிறகு பிறந்தவர் என்றால் மினசோட்டாவில் உரிமத்துக்குத் துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். அந்த வகுப்பை வெறும் சம்பிரதாயமாக நினைக்காமல் கவனித்துக் கேளுங்கள். காட்டில் இடுப்புக்கு மேலே பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை ஒன்றாவது கட்டாயம். ஒரு நாளைக்கு ஐந்து கிரவுஸ் வரம்பு.

இப்போதே தொடங்க வேண்டுமென்றால் பக்கத்து ஸ்கீட் மைதானத்துக்குப் போங்கள். அங்கே மண்தட்டுகள் பறக்கும் தூரம் கிரவுஸின் தூரத்தை ஒத்தது. பலர் துப்பாக்கியைத் தோளில் பொருத்திக்கொண்ட பிறகே தட்டை விடச் சொல்வார்கள். நீங்கள் கட்டையை இடுப்பளவில் வைத்து, பாதுகாப்பு விசையைப் பூட்டியபடி நின்று, தட்டு பறந்த பிறகு பூட்டைத் தள்ளி உயர்த்திச் சுடுங்கள். தொடக்கத்தில் பாதிக்கு மேல் தவறும். செப்டம்பருக்குள் பூட்டைத் தள்ளுவதும் தோளுக்கு ஏற்றுவதும் ஒரே அசைவாகிவிட்டால், 7½ பெட்டியோடு காட்டுக்குக் கிளம்பலாம்.